புல்லுக்குள் குடியிருக்கும் பூஞ்சை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மெனிஃபீ கவுண்டி என்று ஒரு மலைப்பாங்கான பகுதி. அங்கே ஒரு சரிவுப் பண்ணையில், குளிர்காலத்திலும் பச்சை மாறாமல் நின்ற உயர ஃபெஸ்க்யூ புல் 1931-இல் வேளாண் பேராசிரியர் ஈ. என். ஃபெர்கஸின் கண்ணில் பட்டது. 1943-இல் அது 'கென்டக்கி 31' என்ற பெயரில் விதைக்கு வந்தது. வறட்சியைத் தாங்கியது, மாடு மிதித்தாலும் தளிர்த்தது, அரித்துப்போன சரிவுகளில் மண்ணைப் பிடித்து நிறுத்தியது. நாளடைவில் ஏறத்தாழ 3.5 கோடி ஏக்கரில் பரவியது.

ஆனால் அதை மேய்ந்த மாடுகள் தேறவில்லை. கோடையில் பழைய மயிரை உதிர்க்காமல் சடைபிடித்து, மூச்சிரைத்தபடி நாள் முழுக்கக் குட்டைச் சேற்றில் நின்றன. குளிர்காலத்தில் சில மாடுகளுக்குக் காது நுனியும் வால் நுனியும் கருகி விழுந்தன. குளம்பே கழன்றதும் உண்டு. சினைக் குதிரைகளின் கதை இன்னும் கொடியது. நாள் கடந்தும் குட்டி பிறக்காது. பிறக்கும் நேரத்தில் தடித்துப்போன நஞ்சுக்கொடி குட்டிக்கு முன்னால் சிவப்புப் பையாகப் பிதுங்கும். அதை உடனே கிழித்துவிட ஆளில்லையென்றால் குட்டி மூச்சுமுட்டிச் சாகும். பிழைத்த குட்டிக்கும் தாயின் மடியில் பால் இருக்காது.

இத்தனைக்கும் புல்லில் ஒரு புள்ளியோ புண்ணோ கிடையாது. ஜார்ஜியா மாநிலத்தில் சார்லஸ் பேக்கனும் உடன் உழைத்தவர்களும் 1977-இல்தான் இதற்கு விடை சொன்னார்கள். இலையுறையின் உள்தோலை மெல்ல உரித்து, நீலச் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், செல்களின் இடுக்குகளில் நெளிந்து நெளிந்து ஓடும் பூஞ்சை இழைகள் தெரியும். அவை அதிகம் கிளைப்பதில்லை, செல்லுக்குள் நுழைவதுமில்லை. வித்துத்தூள் பரப்பாமல், தாய்ப்புல்லின் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். இன்று இதற்கு எபிக்ளோயி சீனோஃபியாலா என்று பெயர். நம் கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோயைக் கொண்டுவரும் பூஞ்சையும் இதே குடும்பம்தான்.

புல்லின் வலிமையும் மாட்டின் நோயும் இந்த ஒரே குடித்தனக்காரரின் வேலை. பூஞ்சை உண்டாக்கும் லோலின் வகை ஆல்கலாய்டுகள் பூச்சிகளை விரட்டுகின்றன. மாட்டுக்கு அவற்றால் பெரிய கேடு இல்லை. அதே பூஞ்சை உண்டாக்கும் எர்கோவேலின்தான் வில்லங்கம். அது இரத்த நாளங்களைச் சுருக்கி உடல் வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கிறது, பால் சுரப்புக்கான புரோலாக்டினைக் குறைக்கிறது.

காரணம் தெரிந்ததும் எல்லோருக்கும் தோன்றியது ஒரே வழி: பூஞ்சையை ஒழித்துவிடு. விதையைச் சூடும் ஈரமும் உள்ள இடத்தில் ஓராண்டு வைத்தாலே பூஞ்சை செத்துவிடும், விதை முளைக்கும். அப்படிப் பூஞ்சை நீக்கிய ரகங்கள் 1980-களில் சந்தைக்கு வந்தன. மாடுகள் நன்றாகத் தேறின, ஆனால் புல் நிலைக்கவில்லை. இரண்டொரு வறட்சியிலும் நெருக்கமான மேய்ச்சலிலும் பல வயல்கள் வெறிச்சோடிப் போயின. முதல் கட்டத்தில் மாட்டைக் கேட்காமல் புல்லுக்கு மதிப்பெண் போட்டார்கள். இரண்டாம் கட்டத்தில் புல்லைக் கேட்காமல் மாட்டைக் காப்பாற்றப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே பிழை என்பது என் கருத்து. கூட்டாக வாழும் இரண்டு உயிர்களில் ஒன்றை மட்டும் எடைபோட்டதன் பலன் அது.

மூன்றாவது வழி நியூசிலாந்தில் பிறந்தது. அங்கே இங்கிலாந்திலிருந்து வந்த ரைகிராஸ் புல்லில் இந்தப் பூஞ்சைக்கு உறவான இன்னொரு இனம் குடியிருந்தது. அது உண்டாக்கும் லோலிட்ரெம் பி ஆடுகளைத் தள்ளாடி விழச் செய்தது. பூஞ்சையை நீக்கினாலோ அர்ஜென்டினாத் தண்டுக் கூன்வண்டு புல்லை அரித்துத் தின்றது. எனவே காட்டுப் புற்களில் தேடி, பூச்சியை விரட்டி, கால்நடையை விட்டுவைக்கும் பூஞ்சை வகைகளைப் பொறுக்கி, நாற்றுக்குள் ஊசியால் புகுத்தினார்கள். ரைகிராஸுக்கு ஏஆர்1, அமெரிக்க ஃபெஸ்க்யூவுக்கு ஏஆர்542 என்று அவை விதைக்கடைக்கு வந்தன. விஷத்தையும் வலிமையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்று காட்டிய அருமையான வேலை இது, தயக்கமில்லாமல் பாராட்டுகிறேன்.

ஆனாலும் இது முழுத் தீர்வு இல்லை. ஏஆர்1 கருவண்டிடமிருந்து புல்லைச் சரிவரக் காப்பதில்லை. பின்னர் வந்த ஏஆர்37 பல பூச்சிகளைத் தடுக்கிறது, ஆனால் ஆடுகளின் தள்ளாட்டம் சில சமயம் திரும்பிவருகிறது. பூச்சிக்கு எதிரான வீச்சு கூடும்போது கால்நடைக்கு ஆபத்தும் எட்டிப்பார்க்கிறது. விதையும் சாதாரண விதையாக இருக்காது. முளைப்புத்திறன் நன்றாக இருந்தும் உள்ளிருக்கும் பூஞ்சை கிடங்கு வெப்பத்தில் செத்திருக்கலாம். இரண்டு உயிர்களுக்கு விலை கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விதைப்பார் விவசாயி.

பழைய புல்லை மாற்றுவதும் லேசில்லை. களைக்கொல்லி தெளித்து, கம்பு போன்ற பயிரை ஒரு கோடை முழுக்க மூடாக்காக வளர்த்து, மறுபடி தெளித்து, இலையுதிர்காலத்தில்தான் விதைக்க வேண்டும். அத்தனை மாதம் வழக்கமான மேய்ச்சல் குறைந்தால் சிறு பண்ணை தாங்காது. செங்குத்தான சரிவில் மண்ணும் போய்விடும். அப்படிப்பட்ட நிலங்களில் பழைய புல்லை வைத்துக்கொண்டே சிவப்பு குளோவரைக் கலந்து விதைப்பதுதான் பொருத்தம். அது தீனியில் நஞ்சின் அளவைக் குறைக்கிறது, அதிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் சுருங்கிய நாளங்களைத் தளர்த்தவும் செய்கின்றன. புது விதைக்குக் கிடைக்கும் விளம்பரம் இந்த மலிவான வழிக்குக் கிடைப்பதில்லை.

இதுவரை பேசியதெல்லாம் பண்ணைக் கணக்கு. வேலிக்கு வெளியே நடப்பதை மிகச் சிலரே எடைபோட்டார்கள். கீத் கிளேயும் ஜென்னி ஹோலாவும் இண்டியானாவில் பூஞ்சை உள்ள ஃபெஸ்க்யூவையும் இல்லாததையும் தனித்தனிப் பாத்திகளில் விதைத்து நான்கு ஆண்டுகள் கவனித்து, முடிவை 1999-இல் வெளியிட்டார்கள். பூஞ்சை இருந்த பாத்திகளில் ஃபெஸ்க்யூ மேலோங்கியது, மற்றச் செடிவகைகள் குறைந்தன. கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர் ஒரு வயலின் செடிக்கூட்டத்தையே மாற்றியமைத்தது. அமெரிக்காவில் ஃபெஸ்க்யூ வந்தேறிப் புல் என்பதால் இது கூடுதல் கவலை. அதே சமயம் இந்தக் கூட்டு எப்போதும் புல்லுக்கு லாபம் என்றும் சொல்லிவிட முடியாது. அரிசோனாவின் நாட்டு ஃபெஸ்க்யூவில் ஸ்டான்லி ஃபெய்த் செய்த ஆய்வுகளில் பூஞ்சையால் புல்லுக்குப் பெரிய ஆதாயம் தென்படவில்லை, சில நேரம் பாரமாகவும் இருந்தது. மனிதர் உரமிட்டு வளர்த்த இரண்டொரு புற்களை வைத்தே கூட்டுவாழ்வின் பெருமையைப் பொதுவாக்கிவிட்டோம்.

ஆகவே நான் மேய்ச்சல் நிலத்தையும் மற்ற நிலத்தையும் பிரித்தே பார்க்கிறேன். சமதளத்தில், முதலீடு செய்ய முடிந்த பண்ணையில் புதுப் பூஞ்சை ரகங்கள் சரியான தேர்வு. சினைக் குதிரை வளர்ப்பவருக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். ஆனால் மாட்டுக்கு நல்லதாகத் தேர்ந்தெடுத்த பூஞ்சை, பக்கத்து வயலின் காட்டுச்செடிக்கும் நல்லது என்று யாரும் நிரூபிக்கவில்லை. புல்லை வலிமையாக்கும் குணத்துக்காகத்தானே அதையும் பொறுக்கினார்கள். பழைய கென்டக்கி 31 விதையோ இன்றும் வீட்டுப் புல்வெளிக்கும் சாலையோரச் சரிவுக்கும் மலிவாக மூட்டை மூட்டையாகப் போகிறது. அங்கே வயிறு நிரப்ப வேண்டிய மாடு இல்லை. மண்ணைப் பிடித்து நிறுத்த அந்தந்தப் பகுதியின் நாட்டுப் புற்கள் உண்டு. அவை வேர்பிடிக்கக் கூடுதலாக ஓரிரு ஆண்டு ஆகும், விதைக்குக் கூடுதல் விலையும் ஆகும். அந்தச் செலவை நெடுஞ்சாலைத் துறைகள் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.