சீகன்பால்குவின் தமிழ் நூற்பட்டியல்

பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719) ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்த லுத்தரன் மதப்பணியாளர், தமிழறிஞர். 1706-ல் டேனிஷ் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார்.

தமிழில் முதலில் நூல் அச்சிட்டவர் என்று அவரைச் சொல்வதுண்டு. அது சரியன்று. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-லேயே கொல்லத்தில் அச்சானது. சீகன்பால்குவின் தனிச்சிறப்பு அவர் 1708-ல் தொகுத்த ‘பிப்ளியோதெக்கா மலபாரிக்கா’ என்னும் நூற்பட்டியலே.

பட்டியல்

தாம் திரட்டிய சுவடிகளை அவர் நான்கு பிரிவாக்கினார். கிறிஸ்தவ நூல்களுக்கு இரண்டு பிரிவுகள். மூன்றாவதில் திருக்குறள், சிவவாக்கியம் உள்ளிட்ட 119 நூல்கள் உள்ளன. வெறும் பெயர்களாக இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் உள்ளடக்கக் குறிப்பும் எழுதினார்.

நான்காவது பிரிவு முஸ்லிம்களின் தமிழ் நூல்களுக்கானது. இராமநாதபுரக் கடற்கரையைச் சேர்ந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. சீகன்பால்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கினார் என்பது மரபு. எல்லாச் சமயத்தாரின் தமிழ் நூல்களையும் ஒரே பட்டியலில் வைத்ததால், அக்காலத்தில் மக்களிடையே புழங்கிய நூல்களுக்கு இது அரிய சான்று.

மதிப்பீடு

குறைகளும் உண்டு. இறந்த பிராமணர்களின் மனைவியரிடமிருந்து குறைந்த விலைக்குச் சுவடிகள் வாங்கப்பட்டதை அவரே எழுதியுள்ளார். அந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பிற சமயங்களைத் திருத்தப்பட வேண்டியவையாகவே அவர் பார்த்தார்.

ஆனால் வாசிப்பு அவர் பார்வையை ஓரளவு மாற்றியது. கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை 1708-லேயே ஜெர்மனில் பெயர்த்து, தமிழரிடம் உயர்ந்த அறநெறி உண்டு என்று ஐரோப்பியருக்குக் காட்ட முயன்றார். அவை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பள்ளி நூல்கள். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் எழுதிய நூலை ஹாலேயில் இருந்த மேலிடம் அச்சிட விரும்பவில்லை. அது 1867-ல்தான் சென்னையில் வெளிவந்தது. நூற்பட்டியலோ 1880-ல் அச்சானது.

மதம் மாற்ற வந்தவர் மாணவராகவும் ஆனார். அவரை வெறும் மதப்பணியாளர் என்று ஒதுக்குவதும், தமிழ் அச்சின் தந்தை என்று புகழ்வதும் இந்த வாசகரை மறைத்துவிடுகின்றன. நூற்பட்டியலைப் படிப்பவர்களுக்கு அவர் தெரிவார்.