பாடலுக்கு அடியில் நிற்கும் ஒரு வரிக் கதை

சங்க அகப்பாடல்களின் இறுதியில் காணப்படும் துறைக் குறிப்பு, அதாவது பாடலை யார், யாரிடம், எந்தச் சூழலில் கூறினார் என்பதை ஓரிரு வரிகளில் உணர்த்தும் உரைநடைத் தொடர், தமிழில் இலக்கியம் கற்பிப்பதற்கு எழுந்த கருவிகளுள் மிகச் சிறியதும் மிக ஆற்றல் வாய்ந்ததும் ஆகும். பாடியவர்கள் எழுதியதன்று, பின்வந்த தொகுப்பாளரோ உரையாளரோ சேர்த்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின் அது பாடலை நன்கு கற்ற ஒருவர் அடுத்த தலைமுறைக்கு எழுதிவைத்த பாடம் என்றே கொள்ளத்தகும்.

சங்க அகத்தொகை நூல்களுள் ஒன்றான குறுந்தொகையின் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளே உடையவை. அவற்றில் மாந்தர்க்குப் பெயரில்லை, முன்நிகழ்ந்தது விரித்துரைக்கப்படுவதுமில்லை. எடுத்துக்காட்டாக, தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பதை அறிந்த தோழி, அவன் கேட்குமாறு தலைவியிடம் பேசுகிறாள் என்று குறிப்பு உரைத்ததும், அதுவரை இயற்கை வருணனையாகத் தோன்றிய அடிகள் திருமணத்தை விரைவுபடுத்தும் வற்புறுத்தலாக மாறிவிடுகின்றன. இம்மாற்றத்தை உணரும் கணத்திலேயே மாணவர் உள்ளுறை, அதாவது விலங்கு, பறவை, மரம் போன்ற கருப்பொருள்களின் வழியே மறைவாகச் சுட்டப்படும் பொருள், இன்னதென அறிகின்றனர். இலக்கண விளக்கம் மட்டும் இதனைச் செய்ய இயலாது. சில பாடல்களுக்கு மாற்றுச் சூழலும் தரப்பட்டிருப்பது இன்னும் வியப்புக்குரியது, ஏனெனில் ஒரு பாடல் இரு கதைகளைத் தாங்கும் என்பதை மரபே ஒப்புக்கொண்டிருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் தம் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பில் இப்பழைய துறைக் குறிப்புகளைப் பேணித் தம் உரையையும் உடன் தந்தார். வகுப்பறையில் இக்குறிப்பை மறைத்துவைத்து, மாணவரையே ஒன்று எழுதச் செய்து, பின்னர்ப் பழையதனோடு ஒப்பிடச் செய்தால், சொல்லுக்குச் சொல் பொருள் கூறும் பயிற்சியைவிட நுட்பமான வாசிப்பு அங்கே நிகழும்.