பாற்கடலோரம் இரண்டு நாள்

கண்டிக்குப் போகிறேன் என்று வாயெடுத்தவுடனே, முன்பே போய்வந்த நண்பர்கள் ஆளுக்கொரு ஜாபிதா தயாரித்துக் கொடுத்துவிடுவார்கள். அதிலே பேராதனைப் பூந்தோட்டமும், தேயிலைத் தொழிற்சாலையும், மாணிக்கக் கடையும், மாலை நடனமும் வரிசையாக இடம்பெற்றிருக்க, ஏரி மாத்திரம் 'போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஹோதாவில் கடைசியில் ஒதுங்கி நிற்கும். முதல் தடவை நானும் அப்படித்தான் அலைந்தேன். திரும்பும் புகைவண்டியில் உட்கார்ந்தபோது, பலமுறை காரில் சுற்றிப்போன அந்த ஏரியின் நிறம் என்னவென்று எவரேனும் கேட்டிருந்தால், சொல்லத் தெரியாமல் விழித்திருப்பேன்.

ஆகையால், சனி ஞாயிறு இரண்டே நாள் கைவசமுள்ளவர் அந்த ஜாபிதாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வது நலம். வெள்ளி இரவே போய்ச் சேர்ந்துவிட்டால் ஒரு காலைப்பொழுது மிச்சம் என்று கணக்குப் போடவும் வேண்டாம். 1867-இல் கண்டிவரை திறக்கப்பட்ட அந்த ரயில்பாதையில் கடுகண்ணாவை ஏற்றத்தை இருட்டிலே கடப்பது, பந்தியில் உட்கார்ந்து பரிமாறுமுன் இலையை மூடுவதற்கு ஒப்பாகும்.

ஏரி இயற்கையாய் அமைந்ததன்று, பழமையானதென்றும் சொல்வதற்கில்லை. அரண்மனைக்கு எதிரே நெல் விளைந்துகொண்டிருந்த வயலில், கரை போட்டு நீரைத் தேக்கி, 1807-இல் இதனை உண்டாக்கியவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சத்தவன், கண்ணுசாமி என்பது இயற்பெயர். தன் நகரம் தேவலோகத்தின் பிரதிபிம்பமாக விளங்கவேண்டுமென்ற மனோரதம் அவனுக்கு இருந்தது. ஏரிக்குச் சிங்களத்தில் கிரி முஹுத, அதாவது பாற்கடல், என்றே பெயர் வழங்கிற்று; அதன் ஓரமாக எழுந்த வெண்மதிலை 'வலாகுளு பம்ம', மேக மதில், என்கிறார்கள். வளைந்து வளைந்து உயர்ந்து தாழும் அதன் விளிம்பை நான் மேகமென்று எண்ணியதில்லை, அலையென்றே எண்ணியிருக்கிறேன். பார்ப்பவர் தம் கண்ணுக்குப் பட்டபடி முடிவு செய்துகொள்ளலாம். மதிலின் உடம்பெங்கும் முக்கோண மாடங்கள். உள்ளங்கை கொள்ளும் ஓர் அகல்விளக்குக்குத்தான் அவற்றில் இடம் உண்டு. அத்தனை மாடங்களிலும் சுடரேற்றி, அந்தச் சுடர்கள் நீரில் தலைகீழாக நடுங்கும் ஓர் இரவை மனத்திலே கற்பித்துப் பார்த்துவிட்டு, பிறகு மதிலோடு நடந்து, அது எங்கே நின்றுபோகிறதென்று கவனியுங்கள். ஏரியை முழுவதும் சுற்றிவர அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1815-இல் ஆங்கிலேயர் மன்னனைச் சிறைப்பிடித்தார்கள். வேலூர்க் கோட்டையிலே காலம் கழித்து, 1832-இல் அங்கேயே அவன் மாண்டான். பாற்கடல் சமைத்தவனுக்குச் சமாதி வாய்த்தது பாலாற்றங்கரையில்.

சுற்றி நடக்க மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. வாகனங்கள் விழித்துக்கொள்ளுமுன், காலை ஆறு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். குடை அவசியம், மழைக்காக மட்டுமன்று. கரையோர மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் குடியிருக்கின்றன, அவற்றின் கிருபையால் நடைபாதை சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும், நிமிர்ந்து பார்த்து வியக்கிற யாத்திரிகனுக்கு ஆசீர்வாதம் நிச்சயம். மல்வத்தை விகாரை இருக்கும் தென்கரைக்கு வந்ததும் சந்தடி அடங்கிவிடும். எதிர்க்கரையிலே புத்தரின் புனிதத் தந்தத்தைப் போற்றி வைத்திருக்கும் தலதா மாளிகையும், முன்னே துருத்திக்கொண்டு நிற்கும் எண்கோண மண்டபமும், நடுவே மரங்கள் அடர்ந்த சின்னத் தீவும் ஒரே பார்வையில் அடங்குவது இங்கேதான். மன்னன் உல்லாசத்துக்கு வைத்துக்கொண்ட தீவில் ஆங்கிலேயர் வெடிமருந்து சேமித்தார்கள் என்பது சரித்திரத்தின் பரிகாசம். நீர் பச்சைதான், பனி படிந்த அந்த ஆறு மணிக்கு மாத்திரம் பாலென்று சொல்லத் துணியலாம்.

மாளிகைக்குள் பூஜை வேளையில் செல்லவேண்டும். மாலை ஆறரை மணிப் பூஜை விசேஷம். முழங்கால் மறையும் உடை வேண்டும், வெள்ளையாயிருந்தால் உத்தமம். வந்தவர்கள் எல்லாரும் மாடிக்கு விரைந்து வரிசையில் முட்டிக்கொள்வார்கள். நீங்கள் சிறிதுநேரம் கீழேயே நின்று, இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டிய மேளக்காரர்களின் விரல்களைப் பாருங்கள். பேரிகை ஒலி கல்தரை வழியே வெறுங்காலுக்கு ஏறும் அந்த அநுபவம் மாடியிலே கிட்டாது. புனிதத் தந்தம் எப்படியும் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. காணக்கிடைப்பது அதை உள்ளடக்கிய பொற்பேழைதான், அதுவும் கணநேரம். வெளியே வந்தால் சில அடி தூரத்தில் பத்தினி தேவாலயம். பத்தினி என்றால் நம் கண்ணகியேதான். மதுரையை எரித்தவள் இங்கே நோய் தீர்க்கும் தாயாகத் தாமரைப்பூ வாங்கிக்கொண்டு சாந்தமாக வீற்றிருக்கிறாள்.

நடனம், மாணிக்கக் கடை இரண்டையும் விட்டுவிட்டால் குறையொன்றும் நேராது.

ஞாயிறு காலை ஓர் ஆட்டோ பிடித்துக்கொண்டு, மேற்கே பிலிமத்தலாவைப் பக்கம் இருக்கும் கடலாதெனிய விகாரைக்குப் போகலாம். 1344-இல் கணேஸ்வராச்சாரி என்னும் ஸ்தபதி பாறைமேல் எழுப்பிய கற்கோயில். தூணும் படியும் விஜயநகரச் சாயலில் இருப்பதால், உள்ளே புத்தர் அமர்ந்திருப்பதைக் காணும்வரை நம்மூர்க் கோயிலென்றே கால் பழகிவிடும். வண்டிக்கு நேரம் மிஞ்சினால் அடுத்த குன்றில் லங்காதிலக விகாரை. அங்கே பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டியிருக்கிறது. எழுத்துகள் தேய்ந்திருக்கும், வெயில் சாய்வாக விழும் பொழுதில் குனிந்து பார்க்கவேண்டும்.