சமநிலை மதிப்பெண் அட்டை: ஒரு மதிப்பீடு

சமநிலை மதிப்பெண் அட்டை என்பது ஒரு நிறுவனத்தின் செயல்திறனை இலாபத்தைக் கொண்டு மட்டும் அளக்காமல், நிதி, வாடிக்கையாளர், உள்ளகச் செயல்முறை, கற்றலும் வளர்ச்சியும் ஆகிய நான்கு நோக்குகளில் அளக்கும் மேலாண்மைக் கணக்கியல் முறையாகும். ராபர்ட் காப்லன், டேவிட் நார்ட்டன் ஆகியோர் 1992இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரையின் வழியாக இது பரவலாக அறியப்பட்டது. அதற்கு முன்பே, 1987இல், அனலாக் டிவைசஸ் நிறுவனத்தில் ஆர்ட் ஷ்னைடர்மேன் இத்தகைய அட்டை ஒன்றை உருவாக்கியிருந்தார்.

தேவை

இலாபக் கணக்கு நடந்து முடிந்ததையே கூறும். ஒரு தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பையும் தொழிலாளர் பயிற்சியையும் நிறுத்தினால், அந்த ஆண்டின் இலாபம் உயரும். சேதம் பின்னரே தெரியவரும். இந்த இடைவெளியை நிரப்பியதே இம்முறையின் உண்மையான பங்களிப்பு.

விமர்சனங்கள்

முதலாவது, காரண-விளைவுத் தொடர்பு பற்றியது. பயிற்சி செயல்முறையை மேம்படுத்தும், அது வாடிக்கையாளரை நிறைவடையச் செய்யும், அதனால் இலாபம் பெருகும் என்பது இம்முறையின் அடிப்படை. இத்தொடர்பு உறுதியானது அன்று என ஹன்னே நோரேக்லிட் 2000இல் வாதிட்டார். தள்ளுபடியும் சிறு சிறு விநியோகங்களும் பெறும் வாடிக்கையாளர் மனநிறைவோடு இருப்பார். ஆனால் அவரால் நிறுவனத்திற்கு நட்டமே ஏற்படலாம். மேலும், காரணத்திற்கும் விளைவிற்கும் இடையிலான கால இடைவெளியை அட்டை காட்டுவதில்லை.

இரண்டாவது, முன்னுரிமை பற்றியது. ஓர் அளவை உயர்ந்து இன்னொன்று தாழ்ந்தால் மேலாளர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு அட்டையில் விடை இல்லை என்பது மைக்கேல் ஜென்சனின் வாதம்.

மூன்றாவது, மதிப்பிடுவோர் பற்றியது. மார்லிஸ் லைப், ஸ்டீவன் சால்டீரியோ ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், வணிக மேலாண்மை மாணவர்கள் இரு பிரிவுகளை ஒப்பிட்டபோது, இரண்டிற்கும் பொதுவான அளவைகளையே கருத்தில் கொண்டனர். ஒவ்வொரு பிரிவிற்கும் உரிய தனி அளவைகள் ஏறத்தாழப் புறக்கணிக்கப்பட்டன. பிரிவின் தனித்தன்மையைக் காட்டவே அமைக்கப்பட்ட கருவியில் அத்தனித்தன்மையே காணாமல் போவது சிறிய குறையன்று.

ஊதியத்துடன் இணைக்கும்போது

அளவையுடன் ஊழியரின் ஊதியமும் வேலையும் பிணைக்கப்படும்போது ஆபத்து பெருகுகிறது. அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை சேவைகள் விற்கப்பட்டன என்பதை முதன்மை அளவையாகக் கொண்டது. நீண்டகால உறவிற்கு அடையாளமாக இருக்க வேண்டிய எண், உறவின் இடத்தையே பிடித்துக்கொண்டது. இலக்கின் அழுத்தத்தில் ஊழியர்கள் வாடிக்கையாளர் அறியாமலேயே கணக்குகளைத் தொடங்கினர். 2016இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலை இழந்திருந்தனர். இது சமநிலை மதிப்பெண் அட்டையின் தோல்வி அன்று. எனினும், நிதி சாராத அளவை என்பதாலேயே ஓர் எண் நன்மை தந்துவிடாது என்பதற்கு இது சான்று.

மதிப்பீடு

இம்முறை கேள்வி எழுப்பும் கருவியாகப் பயனுள்ளது. தீர்ப்பு வழங்கும் கருவியாக நம்பத்தக்கதன்று. நான்கு கட்டங்களையும் நிரப்புவது எளிது. ஒரு கட்டத்தில் ஏற்பட்ட மாற்றம் அடுத்த கட்டத்தை உண்மையில் மாற்றியதா என்பதைத் தன் சொந்தத் தரவுகளைக் கொண்டு சோதிக்காத நிறுவனத்திடம் இருப்பது மதிப்பெண் பட்டியல் மட்டுமே. அதில் சமநிலை இல்லை.