வீட்டுக் காக்பிட்டுக்கு ஏற்ற கணினி: ஓவர்கிளாக் செய்து பார்த்ததில்

லண்டன் ஹீத்ரோவில் இறங்கும்போதுதான் ஒரு கணினியின் லட்சணம் தெரியும். முப்பதாயிரம் அடி உயரத்தில், கடலுக்கு மேலே, எந்தக் கணினியும் சூரன்தான். கிழக்கிலிருந்து லண்டன் நகரத்தைக் கடந்து 27ஆம் எண் ஓடுபாதையை நோக்கி இறங்கத் தொடங்கியதும் கதை மாறிவிடும். நகரின் முப்பரிமாணக் கட்டடங்கள் இணையத்திலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். விமான நிலையத்தில் நிற்கும் மற்ற விமானங்களையும் வண்டிகளையும் கணினி நகர்த்தியாக வேண்டும். ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறீர்கள் என்றால் காக்பிட்டின் ஆறு திரைகளும் வேறு நொடிக்கு நொடி புதிதாக வரையப்பட வேண்டும். சக்கரம் தரையைத் தொடப்போகிறது, ஜாய்ஸ்டிக்கை மயிரிழை அளவுக்கு இழுக்க வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்துப் படம் திக்கித் திக்கி நகரும்.

அதனால் விமான சிமுலேட்டருக்கான கணினியைச் சராசரி எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) எண்ணை வைத்து மதிப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தரையிறங்கும் கடைசி இரண்டு நிமிடங்களில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே கேள்வி. இந்த விமர்சனத்துக்காக நான் ஓட்டிப் பார்த்த கணினி இது: ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி புராசஸர், பி650 மதர்போர்டு, 64 ஜிபி டிடிஆர்5 ரேம், 16 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. ஓட்டிய மென்பொருள்கள் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020, 2024 பதிப்புகளும் எக்ஸ்-பிளேன் 12-ம்.

முதலில் எது இடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைப் போட்டு எஃப்.பி.எஸ். பலகையைத் திறந்தால், தாமதத்துக்குக் காரணம் யார் என்று அதுவே எழுதிக் காட்டும். பெரிய விமான நிலையங்களில் அது காட்டுவது பெரும்பாலும் மெயின் த்ரெட். அதாவது புராசஸரின் ஒரே ஒரு கோர். விமானத்தின் இயற்பியல், அதன் கருவிகள், போக்குவரத்து, எந்தக் கட்டடத்தை வரைய வேண்டும் என்ற முடிவு என வேலைகளில் பெரும்பகுதி அந்த ஒற்றை இழையில் வரிசை கட்டி நிற்கிறது. பக்கத்தில் பதினைந்து கோர்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதன் பாரம் குறையாது. 2024 பதிப்பில் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது தேறியிருக்கிறது. ஆனாலும் நெரிசலான விமான நிலையத்தில் குற்றவாளி பழைய ஆள்தான்.

இந்த வியாதி பரம்பரை வியாதி. 2006இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், புராசஸர்களின் கடிகார வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று உலகம் நம்பிய காலத்தில் எழுதப்பட்டது. வேகம் 4 கிகாஹெர்ட்ஸ் அருகே முட்டி நின்றது. கோர்களின் எண்ணிக்கைதான் பெருகியது. ஆகவே 2011இல் இன்டெலின் ஐ5-2500கே, ஐ7-2600கே வந்தபோது சிமுலேட்டர்காரர்கள் கும்பலாக அவற்றின் மீது பாய்ந்தார்கள். 3.3, 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று விற்ற சில்லுகளை நல்ல கூலர் போட்டு 4.5-க்கு மேல் ஓட்டுவது சர்வசாதாரணம். வாங்கிய விலைக்கு மூன்றில் ஒரு பங்கு வேகம் இனாம். அந்தக் காலத்துச் சுவை இன்னும் பலருக்கு நாக்கில் இருக்கிறது. இன்றைக்கும் கிகாஹெர்ட்ஸைத் துரத்துகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அந்த விருந்து முடிந்துவிட்டது என்பதைத்தான்.

இப்போது வேகம் இருக்குமிடம் புராசஸரின் உள்நினைவகமான கேஷ். விலையில் அண்டை வீட்டுக்காரரான 7700எக்ஸ் 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 7800எக்ஸ்3டி 5-ஐத் தாண்டவே மூச்சு வாங்கும். ஆனால் முன்னதில் எல்3 கேஷ் 32 எம்பி, பின்னதில் 96 எம்பி. கூடுதல் 64 எம்பியைச் சில்லின் மேலேயே அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். சிமுலேட்டர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சிதறிக் கிடக்கும் ஏராளமான தகவல்களைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது. எவ்வளவு கைவேகமான சமையல்காரராக இருந்தாலும் கடுகுக்கும் சீரகத்துக்கும் தெருமுனைக் கடைக்கு ஓடினால் தாளிப்பு கருகத்தான் செய்யும். அஞ்சறைப்பெட்டி பெரிதாக இருந்தால் நிதானமான கையே போதும். ரேம் வரை போய் வருவதுதான் அந்தக் கடைத்தெரு நடை. ஹீத்ரோ இறக்கத்தில் திக்கல் குறைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் பார்க்கவில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் "சிமுலேட்டருக்கு" என்று கேட்டால், "ஐ9 போட்டுக்கோங்க சார், எல்லாத்துக்கும் தாங்கும்" என்று பதில் வரலாம். வீடியோ எடிட்டிங்கும் செய்கிறவருக்கு அது நல்ல யோசனையாகவும் இருக்கலாம். ஆனால் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைச் சில்லுகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தேவைக்கு மேல் ஏறிய மின்னழுத்தத்தால் அவற்றில் சில தேய்ந்து நிலைகுலைந்ததை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பழைய சரக்கை வாங்குகிறவர்கள் பயாஸைப் புதுப்பிக்காமல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது. ஏஎம்டி பக்கமும் கை சுத்தமில்லை. 2023இல் சில மதர்போர்டுகள் எஸ்ஓசி மின்னழுத்தத்தைக் கண்டபடி ஏற்றியதில் 7800எக்ஸ்3டி சில்லுகள் கருகின. அதன் பிறகே 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பு பயாஸில் வந்தது.

16 கோர் கொண்ட 7950எக்ஸ்3டி மீது ஆசை வரும். அதில் பாதிக் கோர்களுக்குத்தான் பெரிய கேஷ். எந்த நிரல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை விண்டோஸ் சரியாக ஊகிக்க வேண்டும். சிமுலேட்டர் மட்டுமே ஓட்டுகிறவருக்கு இந்தத் தலைவலி எதற்கு? 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்குக் கீழே மாற்றிவிட்டார்கள். கோர்களின் சூடு நேராக மேலேறி கூலருக்குப் போகிறது, வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ், ஓவர்கிளாக் பூட்டும் திறந்துவிட்டது. புதிதாக வாங்குகிறவருக்குப் பணம் இடம்கொடுத்தால் அதுதான் என் பரிந்துரை. 7800எக்ஸ்3டி வைத்திருப்பவர் அதற்காக மாற வேண்டாம்.

ரேமுக்கு வருவோம். இங்கேதான் பலர் காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பெட்டியில் 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ரேமைப் பொருத்திவிட்டு அப்படியே ஓட்டினால் அது பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். பயாஸில் போய் எக்ஸ்போ என்ற ரேம் அமைப்பை இயக்கினால்தான் 6000 கிடைக்கும். வேகத்தோடு, ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தைச் சொல்லும் சிஎல் எண்ணையும் பாருங்கள். 6000-க்கு சிஎல்30 என்றால் அந்தத் தாமதம் 10 நானோ நொடி. 5600-க்கு சிஎல்46 என்றால் 16-ஐத் தாண்டுகிறது. 4800-இலிருந்து 6000-க்கு மாற்றியபோது என் கணினியில் சராசரி எஃப்.பி.எஸ். பெரிதாக அசையவில்லை. மிக மோசமான நூற்றில் ஒரு பங்கு ஃப்ரேம்களைத் தனியாகக் காட்டும் கேப்ஃப்ரேம்எக்ஸ் அளவீட்டில்தான் முன்னேற்றம் தெரிந்தது. தரையிறங்கும் நேரத்தில் கண்ணும் அதையே சொன்னது. 6000-க்கு மேலே 6400 வரை ஏற்றியதில் எனக்கு எதுவும் தெரியவில்லை. இந்தச் சில்லுகளில் 6000 வரை ரேமும் அதன் கட்டுப்பாட்டகமும் ஒரே 3000 மெகாஹெர்ட்ஸில் கைகோத்து ஓடும். அதற்கு மேல் எவ்வளவு போகும் என்பது சில்லின் தலையெழுத்து.

64 ஜிபி வேண்டுமா? 2024 பதிப்புக்கு 32 பரிந்துரை, 64 உத்தமம் என்கிறது மைக்ரோசாஃப்ட். வாங்குவதானால் இரண்டு 32 ஜிபி அட்டைகளாக வாங்குங்கள். "இருக்கிற இரண்டோடு இன்னும் இரண்டு 16 போட்டுக்கலாம்" என்று நினைத்தால், நான்கு அட்டைகளுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தரும் வேகம் வெறும் 3600. இன்னொன்று: புது ரேம் போட்டு முதல் தடவை இயக்கும்போது திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் பவர் பட்டனை அமுக்காதீர்கள்.

இனி ஓவர்கிளாக். 7800எக்ஸ்3டியில் மேலே ஏற்றும் கதவு பூட்டியிருக்கிறது; திறந்திருப்பது கர்வ் ஆப்டிமைசர் என்ற ஜன்னல். ஒவ்வொரு வேகத்துக்கும் ஆலை நிர்ணயித்த மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே அதன் வேலை. ஒரு படிக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். குறைந்த அழுத்தத்தில் சூடு குறையும். சூடு குறைந்தால் சில்லு தன் உச்ச வேகத்தை விட்டு இறங்காமல் நிற்கும். மேலே ஏற்றுவதற்குப் பெயர் ஓவர்கிளாக் என்றால் இது அதன் தலைகீழ் உருவம்.

எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 20 வைத்ததில் எனக்குக் கிடைத்த எஃப்.பி.எஸ். லாபம், உண்மையைச் சொன்னால், அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். சிமுலேட்டரில் இந்தச் சில்லு 70 வாட்டுக்குள் வேலையை முடித்துவிடுவதால் வெப்ப எல்லையை அது முட்டுவதே அரிது. பலன் வேறிடத்தில்: கோடையில் விசிறியின் இரைச்சல் நன்றாகவே அடங்கியது. சித்திரை மாதத்துச் சென்னையில் ஏசி போடாத அறை 35 டிகிரியைத் தொடும். கூலர் எவ்வளவு பெரிதானாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. 7800எக்ஸ்3டியின் வெப்ப எல்லை 89 டிகிரி. குளிர்நாட்டில் எடுத்த யூடியூப் அளவீடுகளைப் பார்த்துவிட்டு இங்கே கூலர் வாங்குகிறவர்கள் பத்துப் பதினைந்து டிகிரியை மனக்கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். அதற்காகத் தண்ணீர்க் கூலர் அவசியம் என்றில்லை. இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று போதும், பெட்டியின் முன்பக்கம் காற்று நுழைய வழி இருந்தால்.

சோதனை செய்யும் முறையில்தான் விமான சிமுலேட்டர் மற்ற விளையாட்டுகளிலிருந்து விலகுகிறது. துப்பாக்கி விளையாட்டு நடுவில் நின்றுபோனால் எரிச்சலோடு மறுபடி தொடங்கிவிடலாம். சென்னையிலிருந்து லண்டன் வரை பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து, இறக்கம் தொடங்கும்போது கணினி டெஸ்க்டாப்புக்கு விழுந்தால் மனிதனுக்கு வரும் கோபம் வேறு ரகம். கர்வ் ஆப்டிமைசர் கோளாறுகளுக்கு ஒரு வஞ்சகமான குணம் உண்டு. முழு பாரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பாரம் குறைந்து ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் இடத்தில்தான் சறுக்கும். ஆகவே சினிபெஞ்சை ஓட்டி எண் வந்துவிட்டது என்று திருப்திப்படுவதில் பயனில்லை. ஒவ்வொரு கோராகத் தனித்தனியே வதைக்கும் கோர்சைக்ளரை இரவு முழுக்க ஓட்டிவிட்டு, காலையில் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'வியா' என்ற வன்பொருள் பிழை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரேமுக்குத் தனியாக டெஸ்ட்மெம்5. எல்லாம் தேறிய பிறகும் நான் ஐந்து படி பின்வாங்கி மைனஸ் 15-இல் நிறுத்தினேன். இழந்தது ஒன்றுமில்லை.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேகங்களும் 4கே திரையும் விஆர் கண்ணாடியும் அதன் பொறுப்பு. வேகத்தைவிட நினைவகத்தின் அளவைக் கவனியுங்கள்: 12 ஜிபி கார்டு, பெரிய நகரமும் உயர்தர டெக்ஸ்ச்சரும் சேரும்போது நிரம்பி வழிந்தால் படம் ஸ்லைடு ஷோ ஆகிவிடும், எந்த ஓவர்கிளாக்கும் காப்பாற்றாது. 16 ஜிபியே நிம்மதி. ஃப்ரேம் ஜெனரேஷன் எண்களை அழகாக்கும். மெயின் த்ரெட் திணறும் இடத்தில் உண்மையாகவே உதவும். ஆனால் ஜாய்ஸ்டிக்குக்கும் படத்துக்கும் இடையிலான தாமதம் குறையாது என்பதால் தரையிறங்கும்போது அதன் மாயம் கொஞ்சம் வெளுத்துவிடுகிறது.

காசில்லாத வைத்தியமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் நிலப்பரப்பின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் டெரைன் எல்ஓடி என்ற அளவுகோலை 200-இலிருந்து 120-க்கு இறக்குவது பல ஓவர்கிளாக்குகளுக்குச் சமம். தரையில் நிற்கும் வண்டிகளையும் விமானங்களையும் குறைப்பதும் அப்படியே. பயணிகள் விமானத்துக்கு நொடிக்கு 30 ஃப்ரேம் பிசகாமல் வந்தால் போதும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 33 மில்லி நொடி அவகாசம். 45-க்கும் 28-க்கும் ஊசலாடுவதைவிட 30-இல் பூட்டி வைப்பது கண்ணுக்கு இதம். ஹெலிகாப்டர், போர் விமானம் ஓட்டுகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

மதர்போர்டு வாங்கும்போது ஓவர்கிளாக் வசதிகளைவிட யூஎஸ்பி துளைகளை எண்ணுங்கள். யோக், த்ராட்டில், ரட்டர் பெடல், ரேடியோ பேனல் என்று காக்பிட் வளர வளர அவை தீர்ந்துபோகும். தனி மின்சாரம் கொண்ட யூஎஸ்பி ஹப் ஒன்றும், மின்சாரம் மிச்சப்படுத்த யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் விண்டோஸ் அமைப்பை அணைப்பதும் கட்டாயம். இல்லாவிட்டால் நடுவானில் பெடல் காணாமல்போகும். யுபிஎஸ் வாங்கினால் சைன் வேவ் தருவதாகப் பாருங்கள். இன்றைய பவர் சப்ளைகளில் பல, மலிவு யுபிஎஸ்ஸின் சதுர அலையோடு ஒத்துப்போவதில்லை.

பழைய ஏஎம்4 மதர்போர்டில் ரைசன் 5 3600 மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா? ரேமையும் போர்டையும் தொடாதீர்கள். 2022இல் வந்த 5800எக்ஸ்3டியோ, 2024இல் வந்த அதன் தம்பி 5700எக்ஸ்3டியோ பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கி, பயாஸைப் புதுப்பித்துப் பொருத்துங்கள். அதே 96 எம்பி கேஷ் அவற்றிலும் இருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் புராசஸருக்கு முதல் செலவு, ரேமுக்கு நிதானமான இரண்டாம் செலவு, மீதியைக் கிராபிக்ஸ் கார்டுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கர்வ் ஆப்டிமைசரை எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மழைநாளில், பொழுதுபோகாதபோது செய்துகொள்ளலாம்.