பெரிய எழுத்து இல்லாத மொழியில்

அசோக் நகர் தூண் சிக்னலில் மாலை ஏழு மணிக்குப் பக்கத்தில் நிற்பவர் கத்திச் சொன்னாலும் பாதிதான் காதில் விழும். அப்படியொரு மாலையில் நூறடிச் சாலையின் இந்தப் பக்கம் முதுகில் டெலிவரி பையோடு ஒரு இளைஞர், எதிர்ப்பக்கம் இன்னொருவர். நடுவில் ஹாரன் அடித்தபடி வாகன வெள்ளம். இருவரும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாநகரப் பேருந்து குறுக்கே வந்ததும் கைகள் காற்றில் அப்படியே நின்றன. அது நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது.

இந்த மொழியை முதுநிலையில் படிக்க ஆசைப்படும் ஒரு மாணவி சென்னையில் எந்தக் கதவைத் தட்டுவாள்? காதைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் கஷ்டமில்லை. போரூர் வரை போனால் கேட்பியலில் முதுநிலைப் பட்டம் இருக்கிறது. ஆசிரியராக வேண்டுமென்றால் சிறப்புக் கல்வியில் பி.எட். உண்டு. ஆனால் இவையெல்லாம் கேட்காத காதை என்ன செய்யலாம் என்ற கேள்வியிலிருந்து கிளம்புபவை. கைகள் என்ன சொல்கின்றன, எந்த இலக்கணத்தில் சொல்கின்றன, அதைச் சொல்பவர்கள் தங்களுக்குள் எப்படிப்பட்ட சமூகம் என்று கேட்கும் துறை வேறு. அதற்கு உலகில் ஏறத்தாழ அறுபத்தைந்து வயதுதான் ஆகிறது.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காதுகேளாத குழந்தைகளுக்குப் பேச்சு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. கூடியவர்களில் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். அடுத்த எண்பது ஆண்டுகள் பல நாட்டு வகுப்பறைகளில் குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாஷிங்டனில் காதுகேளாதோருக்கென 1864இல் லிங்கனின் கையெழுத்தோடு பட்டமளிக்கும் உரிமை பெற்ற கேலடெட் கல்லூரிக்கு, ஆங்கில இலக்கியம் கற்பிக்க வந்தவர் வில்லியம் ஸ்டோக்கோ. மாணவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கவனித்து, இது சாடை காட்டல் இல்லை, கை வடிவம், இடம், அசைவு என்று பிரித்தெடுக்கக்கூடிய மொழி என்று 1960இல் எழுதினார். 1965இல் அவர் கொண்டுவந்த அகராதியில் டோரத்தி கேஸ்டர்லைன், கார்ல் குரோனபெர்க் என்ற காதுகேளாத இருவரும் ஆசிரியர்கள். துறையின் வரலாற்றைச் சொல்லும்போது ஸ்டோக்கோவோடு நிறுத்திவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கு அந்த இருவரும்தான் முக்கியம்.

1972இல் ஜேம்ஸ் உட்வர்ட் ஒரு எளிய உத்தியைக் கொண்டுவந்தார். காது கேட்காத நிலையைக் குறிக்கும்போது 'டெஃப்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சின்ன 'டி' போட்டு எழுதுவது. சைகை மொழி பேசும் சமூகத்தைக் குறிக்கும்போது பெரிய 'டி'. ஒரே எழுத்து மருத்துவத்தையும் பண்பாட்டையும் பிரித்துவிட்டது. தமிழில் இதை எப்படி எழுதுவது? நம்மிடம் பெரிய எழுத்து கிடையாது. போதாக்குறைக்கு, நம் சொற்களுக்குள்ளேயே இல்லாமை உட்கார்ந்திருக்கிறது. 'கேளாதோர்' என்பது எதிர்மறையில் பிறந்த பெயர். 'செவித்திறன் குறையுடையோர்' என்ற அரசுச் சொல்லில் குறை வெளிப்படையாகவே இருக்கிறது. பிரிட்டனின் பேடி லேட் 2003இல் தன் நூலில் விரித்துரைத்த கருத்து, காதுகேளாதவராக இருப்பதை ஒரு முழுமையான வாழ்நிலையாகப் பார்ப்பது. அதற்குத் 'தாய்மை' மாதிரி ஒரு -மை விகுதி போட்டுப் பார்த்தால் 'கேளாமை' வருகிறது, மறுபடியும் இல்லாமை. 'சைகையர்' என்று சொல்லலாமா என்று யோசித்திருக்கிறேன். காதுக்கு இன்னும் பழகவில்லை என்றார் ஒரு நண்பர். காதுக்கு!

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வள்ளுவர் 'கேள்வி' என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். நமக்குக் கேட்பதும் கற்பதும் வினவுவதும் ஒரே வேர்.

இந்திய ஆய்வுக்கு வருவோம். இமாசலத்தில் பிறந்து 11 வயதில் கேட்கும் திறனை இழந்து, 1967இல் கேலடெட்டுக்குப் படிக்கப் போன மதன் வசிஷ்டா, 1970களின் பிற்பகுதியில் உட்வர்டுடன் சேர்ந்து இந்தியா வந்து சைகைகளைத் தொகுத்தார். டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் என நான்கு நகரங்கள். சொற்களில் வேறுபாடு இருந்தாலும் அடித்தளம் பொதுவானது என்பது அவர்களுக்குக் கிடைத்த முடிவு. நான்கில் சென்னை இல்லை. பின்னாளில் கோவை ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலிருந்து ஒரு அகராதி வந்தது. 2015இல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் தன் அகராதியைப் 10,000 சொற்களுக்கு விரித்தது. அகராதிகள் பெருகுவது நல்லதுதான். ஆனால் அகராதி மட்டும் மொழியாகாது என்பது தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இலக்கணத்தைத் தோண்டியவர் ஜெர்மானியரான உல்ரிகே செஷான். இந்திய–பாகிஸ்தானிய சைகை மொழி பற்றி அவர் காட்டியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது வினாச்சொல். கேள்விக்கு ஒரே ஒரு பொதுச் சைகைதான். அதோடு முகத்தைச் சேர்த்தால் 'யார்', இடத்தைச் சேர்த்தால் 'எங்கே', நேரத்தைச் சேர்த்தால் 'எப்போது'. எவ்விடம், எந்நேரம் என்று ஒரு 'எ'யை ஒட்டியே கேட்கும் நமக்கு இது அந்நியமா என்ன? வினாவும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. ஆங்கிலத்தைக் கையால் காட்டுவதுதான் சைகை மொழி என்று நினைப்பவர்களும், பரத முத்திரை மாதிரியா என்று கேட்பவர்களும் இந்த ஒரு பக்கத்தைப் படித்தால் போதும்.

சென்னையில் ஆய்வுக்குப் பொருள் இல்லாமல் இல்லை, குவிந்து கிடக்கிறது. சாந்தோமில் சி.எஸ்.ஐ. பள்ளி, ஜெமினி பக்கம் கன்னியர் நடத்தும் லிட்டில் ஃபிளவர், அடையாற்றில் செயின்ட் லூயிஸ் பள்ளியும் கல்லூரியும், ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். உயிலின்படி நடக்கும் பள்ளி. மாநிலக் கல்லூரியில் காதுகேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உண்டு. டப்ளினில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் தனித்தனியாக நடந்ததால் ஆண் சைகை, பெண் சைகை என்று சொற்களே பிரிந்துபோனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விடுதிகள் நிறைந்த நம் ஊரில் எந்தப் பள்ளிச் சைகை எந்தக் கல்லூரியில் வந்து கலந்தது? ஒரு முதுநிலை ஆய்வேட்டுக்கு இது தாராளம். முதியவர்களிடம் இப்போதே கேட்டுப் படம்பிடிக்க வேண்டியது.

இதே அடையாற்றில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, சிறு குழந்தைகளுக்குப் பேச்சு வழியாகவே மொழி ஊட்டும் பள்ளி. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மாநில அரசு காப்பீட்டில், கேட்க உதவும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்துகிறது. மகள் தன்னை 'அம்மா' என்று கூப்பிட வேண்டும் என்று ஏங்கும் பெற்றோரிடம் பண்பாட்டுப் பாடம் நடத்த எனக்கு வாய் வராது. ஆனால் கருவி பொருத்திய பிறகு சைகை எதற்கு என்று கேட்கும்போது, குழந்தைக்கு இரண்டு மொழி இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று திருப்பிக் கேட்கலாம். இந்தியாவில் இந்தக் கருவி கொண்டுவந்த மாற்றங்களைப் பற்றி மிஷேல் ஃப்ரீட்னர் 2022இல் தனிநூலே எழுதினார். பெங்களூர் இளைஞர்களின் உலகத்தைப் பற்றிய அவருடைய முந்தைய நூல் 2015இல் வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த காதுகேளாத மானிடவியலாளர் அனெலீஸ் குஸ்டர்ஸ், மும்பை மின்ரயிலின் மாற்றுத்திறனாளிப் பெட்டி காதுகேளாதோருக்குத் தினசரி கூடும் திண்ணையானதை எழுதியிருக்கிறார். நம் கடற்கரை–தாம்பரம் ரயிலுக்கு அப்படியொரு கட்டுரையை நான் படித்ததில்லை.

இந்தியாவில் இந்தப் படிப்பின் கனம் இன்னும் டிப்ளமோவில்தான் இருக்கிறது. டெல்லி மையத்தின் திட்டத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்று, சைகை மொழி கற்பிப்பவருக்கு ஒன்று. இரண்டாவது காதுகேளாதோருக்கு மட்டுமே. அதுதான் சரி. முதுநிலைக்குப் போகும்போதும் அந்த விதி கூடவே போக வேண்டும் என்பது என் கட்சி. தமிழ் இலக்கியத் துறையில் தமிழ் பேசுபவர் ஒருவரும் ஆசிரியராக இல்லை என்றால் சிரிப்போம் அல்லவா?

ஆய்வு முறையில் ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. சைகையைத் தாளில் எழுத, அதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் போடுவது உலக வழக்கம். பார்த்தவுடன் இது சைகை, ஆங்கிலச் சொல் இல்லை என்று தெரியும். தமிழில் மறுபடி அதே முட்டுச்சந்து. சிக்னலில் பார்த்ததை அன்றிரவு எழுத உட்கார்ந்தேன். எனக்குப் புரிந்தது ஒரே வாக்கியம்: நீ–வேலை–இடம்–கேள்வி. சதுர அடைப்புக்குள் போட்டேன், கோடு போட்டேன். ஆனால் கேட்கும்போது அவருடைய முகம் கேள்வியாக மாறியிருந்தது, தலை முன்னால் வந்திருந்தது, எல்லாம் ஒரே நேரத்தில். நான்கு சொல்லுக்கும் மேலே இன்னொரு கோடு இழுத்து 'புருவம்' என்று எழுதினேன். எதிர்ப்பக்கத்து இளைஞர் சொன்ன பதிலை எழுத முடியவில்லை. அவர் ஆரம்பிக்கும்போதுதான் பேருந்து வந்தது. அது நகர்ந்தபோது நான் அவர் கையைப் பார்த்தேன், அவர்களுக்குப் பதில் ஏற்கெனவே முகத்தில் முடிந்திருந்தது.