‘ம்’ கொட்டுவது யார்? சமூக வானொலியில் சிறார் பாடலும் கதையும் – பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சமூக வானொலிகள் சிறாரின் பாடலையும் கதையையும் ஒலிபரப்புவது வட்டார வழக்காற்றைக் காக்கும் பணியாகவே பெரும்பாலும் பாராட்டப்படுகிறது. அப்பாராட்டில் ஒரு குழப்பம் உள்ளது. சிறாருக்காகப் பெரியோர் ஆக்கியதும் சிறார் தமக்குள் வழங்குவதும் ஒன்றாகக் கருதப்படுகின்றன. நிகழ்ச்சியின் வடிவம் முன்னதை வளர்த்துப் பின்னதை மறைக்கிறது என்பதும், வழக்காற்று வகைகள் அனைத்தும் வானொலிக்கு ஒரே அளவில் பொருந்துவன அல்ல என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையின் சமூக அமைப்பு இவ்வாதங்களைச் சோதிக்கும் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமூக வானொலி, சிறார் வழக்காறு, விடுகதை, அம்பா, பழவேற்காடு, வாய்மொழி ஆவணம்

சிறார் வழக்காறு எது?

அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி இணையர் 1959இல் வெளியிட்ட பள்ளிச் சிறார் வழக்காறு பற்றிய நூல் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக நிறுவியது. தாயின் மடியிலிருந்து குழந்தைக்கு இறங்கும் பாடல் ஒன்று. பெரியோர் காதுக்கு எட்டாத இடத்தில் ஒரு சிறுவனிடமிருந்து இன்னொரு சிறுவனுக்குச் செல்லும் பாடல் வேறொன்று. தமிழ் நாட்டார் வழக்காற்றியல் இவ்வேறுபாட்டை அறியாததன்று. ஆயினும் நம் தொகுப்புகளில் தாலாட்டு பெற்ற இடத்தை விளையாட்டுப் பாடல் பெறவில்லை. தாலாட்டு உண்மையில் தாயின் பாடல். அதில் குழந்தை கேட்போர். பாடுபொருள் பெரும்பாலும் தாயின் பிறந்தகப் பெருமையும் அவளது குறையுமே. அதைச் ‘சிறார் பாடல்’ என்று வகைப்படுத்துவது கேட்பவரைப் பாடுபவராக மாற்றிவிடுகிறது.

இம்மாற்றத்திற்கு இலக்கிய மரபிலும் வேர் உண்டு. நெய்தல் திணைப் பாடல்களில் மணல்வீடு கட்டுவதும் நண்டைத் துரத்தி ஆடும் அலவனாட்டும் ஓரையாடலும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அந்த ஆட்டத்தின்போது சிறுமியர் என்ன பாடினர் என்பதைச் சங்கப் புலவர் பதியவில்லை. ஆட்டம் தலைவியின் இளமைக்கும் களவுக்கும் பின்புலமாக நின்றதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில் சிறுமியர் பேசுகின்றனர். அங்கும் புலவர் தந்த சொற்களையே பேசுகின்றனர். சிறார் ஆட்டத்தைக் கண்ட கண் நம் இலக்கியத்தில் உண்டு. அவர்களின் பாட்டைக் கேட்ட காது அரிது. ஒலியையே ஊடகமாகக் கொண்ட வானொலி இக்குறையை நிரப்பியிருக்க வேண்டும். அது நிரப்பியதா என்பதே கேள்வி.

அண்ணா, மாமா, அக்கா

சென்னையில் 1930இல் மாநகராட்சி தொடங்கிய ஒலிபரப்பைக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் நிறுவப்பட்ட ஒலிபெருக்கிகள் வழியே மக்கள் கேட்டனர். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது. அதன் சிறார் நிகழ்ச்சிகள் வழியே ‘வானொலி அண்ணா’ என்னும் பெயர் தமிழ்க் குடும்பங்களில் நிலைபெற்றது. இலங்கை வானொலியின் ‘சிறுவர் மல’ரில் அவ்விடத்தில் ‘வானொலி மாமா’ இருந்தார். இவ்வுறவுப் பெயர்கள் முகம் காணாத ஊடகத்தை வீட்டுக்குள் அழைத்து வந்தன. அது சிறிய சாதனையன்று. கூடவே ஓர் அதிகார ஒழுங்கையும் அவை அமைத்தன. அண்ணாவும் மாமாவும் கேட்பர். சிறார் விடை சொல்வர். அண்ணா நன்று என்றால் பாட்டு முடியும்.

சமூக வானொலியின் சட்டப் பின்புலம் வேறு. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பிலிருந்து அது தொடங்குகிறது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு இசைவு கிடைத்தது. அதன் பயனாக 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்எம்’ ஒலிக்கத் தொடங்கியது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. 2008 அக்டோபர் 15இல் இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் ‘சங்கம் வானொலி’ தோன்றியது. தமிழகக் கரையில் ஆழிப்பேரலைக்குப்பின் நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் ‘களஞ்சியம்’ வானொலியும், 2016இல் பாம்பனில் மீனவருக்கென்றே ‘கடல் ஓசை’ 90.4 எஃப்எம்மும் வந்தன.

2006 நெறிமுறைகள் நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூரில், உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்கின்றன. உள்ளூர் மொழியும் கிளைமொழியும் விரும்பத்தக்கவை என்கின்றன. எழுத்தளவில் இது அண்ணா, மாமா மரபிலிருந்து முழு விலகல். ஆனால் நடைமுறை வடிவம் விலகவில்லை. சிறார் நேரத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது தெரிந்த அமைப்பே. தொகுப்பாளர் இப்போது ‘அக்கா’. பெயர் என்ன, எந்த வகுப்பு, என்ன பாடப் போகிறாய் என்று அவர் கேட்பார். பிள்ளை பள்ளியில் பயிற்றுவித்த பாடலைப் பள்ளி உச்சரிப்பில் ஒப்புவிக்கும். கைதட்டல் ஒலி சேர்க்கப்படும். உள்ளூர்ப் பங்கேற்பு என்னும் விதி இதனால் நிறைவேறிவிடுகிறது, ஏனெனில் பிள்ளை உள்ளூர்ப் பிள்ளைதான். பாட்டு உள்ளூர்ப் பாட்டா என்று விதி கேட்பதில்லை.

தொகுப்பாளர்களைக் குறைகூறுவதால் பயனில்லை. அவர்களுட் பலர் சிறு ஊதியத்திற்கோ ஊதியமின்றியோ உழைக்கும் அதே ஊர்ப் பெண்கள். அவர்கள் முன் இருக்கும் ஒரே மாதிரி நிலையவானொலி தந்த மாதிரி. குறை மாதிரியில்தான்.

மூச்சும் முறையும்

இவ்வடிவத்திற்குள் எந்த வழக்காறு பிழைக்கும், எது பிழைக்காது என்று பிரித்துப் பார்ப்பது பயன்தரும்.

சடுகுடுவை எடுத்துக்கொள்வோம். அதன் பாடல் மூச்சால் அளக்கப்படுவது. எதிர்க்களத்தில் இருக்கும்வரை பாடுவோன் மூச்சை விடக்கூடாது. பாட்டு அறுந்தால் ஆட்டம் இழந்தான். ஆகவே அடியின் நீளம், எதுகை, இறுதிச் சொல்லை விடாது அடுக்கிச் செல்லுதல் ஆகிய யாப்புக்கூறுகள் அனைத்தும் ஓட்டத்திலிருந்து பிறப்பவை. ஒலிவாங்கி முன் நிறுத்தப்பட்ட சிறுவன் அதே சொற்களைச் சொல்லும்போது நமக்குக் கிடைப்பது சொற்களின் பட்டியல். நடுவில் நிதானமாக மூச்செடுத்துக்கொள்ளவும் செய்வான். அங்கே பாடலின் இலக்கணமே கெடுகிறது. ‘கிச்சுக் கிச்சுத் தாம்பாள’மும் அத்தகையது. மணலுக்குள் எதையோ ஒளித்துச் செல்லும் விரலின் அசைவு அதற்குத் தாளம். இவற்றைப் பதிவு செய்ய நிலையத்தை விட்டு மணலுக்குச் செல்ல வேண்டும். இரைச்சலும் காற்றும் சேர்ந்த, தொழில்நுட்பர் ‘மோசம்’ என்று கழிக்கும் பதிவே ஆய்வாளருக்கு நல்ல பதிவு.

அம்பாவின் நிலை சற்றுச் சிக்கலானது. சோழமண்டலக் கரையிலும் ஈழக் கரையிலும் வலை இழுக்கும்போது பாடப்பட்ட இத்தொழிற்பாடல் பொறிப்படகும் கண்ணாடியிழைப் படகும் வந்தபின் தன் வேலையை இழந்தது. அதன் அமைப்பு எளிது. ஒருவர் முன்னடி சொல்வார். மற்றவர் மாறாத பின்னடியால் இழுப்பர். முன்னடியில் உடனிருப்போரைக் கிண்டல் செய்யவும் அன்றைய செய்தியைச் சேர்க்கவும் இடமுண்டு. பின்னடி கற்கத் தேவையில்லாதது. நான்கு வயதுப் பிள்ளையும் சேர்ந்துகொள்ளலாம். மேடைகளிலும் பண்பாட்டு விழாக்களிலும் அம்பா இன்று முன்னடி உறைந்த, மனப்பாடமான பாடலாகவே தோன்றுகிறது. வானொலி அந்த உறைநிலையையே பரப்புமானால் அம்பாவின் சொற்கள் எஞ்சும், அம்பா எஞ்சாது. மாறாகப் பின்னடியை மட்டும் ஒலிபரப்பி முன்னடியைச் சிறாரிடம் விடும் நிகழ்ச்சி ஒன்றைக் கற்பனை செய்வது கடினமன்று. பள்ளித் தலைமையாசிரியரைக் கிண்டல் செய்யும் முன்னடி வரும்போதுதான் நிலையத்தின் துணிவு தெரியும்.

வானொலிக்கு இயல்பாகவே பொருந்தும் வகை விடுகதை என்பது என் முடிபு. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை யாப்பின் எழுவகை நிலங்களுள் ஒன்றாக வைத்தது; நம் ஊடக ஆய்வு அதற்கு அந்த இடத்தைத் தரவில்லை. விடுகதைக்கு உடல் அசைவு தேவையில்லை, காட்சி தேவையில்லை, காட்சி இருந்தால் கெடும். தேவை இரண்டே: விடை தாமதமாதல், எதிரில் ஒருவர் விடை தேடுதல். இன்று கேட்டு நாளை விடை சொல்லும் வானொலி அந்தத் தாமதத்தை ஒரு தெருவுக்கே பொதுவாக்குகிறது. விடையை வீட்டில் பாட்டியிடம் கேட்க நேரும்போது அறுந்த கண்ணி ஒன்று கூடுகிறது. மீன், வலை, காற்று பற்றிய விடுகதைகளில் வாடை, கொண்டல், கச்சான் என்னும் பெயர்கள் விளக்கவுரை இன்றியே புழங்கும்.

கதையின் நிலை இவற்றுக்கு இடைப்பட்டது. தமிழ்க் கதைசொல்லலில் ‘ம்’ கொட்டுவோர் இன்றிக் கதை நகராது. அந்த ஓரெழுத்து கேட்பதற்கான சான்று மட்டுமன்று. அதன் இழுப்பிலும் விரைவிலும் கதைசொல்லி நீட்ட வேண்டியதையும் சுருக்க வேண்டியதையும் அறிகிறார். ‘ம்’ நின்றால் பிள்ளை உறங்கிவிட்டது என்று பொருள். கதை அங்கேயே முடியும், முடிவு எதுவாயினும். வானொலிக் கதையில் இந்த இடம் வெறுமையாகிறது. அவ்வெறுமையைத் தொகுப்பாளரின் வியப்புக் குரலும் இறுதியில் ஒட்டப்படும் நீதியும் நிரப்புகின்றன. நீதி கதையின் பகுதியன்று, நிகழ்ச்சிப் பொறுப்பாளரின் பாதுகாப்பு என்றே தோன்றுகிறது. சிறார் தமக்குள் சொல்லும் பேய்க்கதைகளிலும் கோமாளிக் கதைகளிலும் நீதி அரிது. திருட்டும் ஏமாற்றும் வயிற்றுப்போக்கும் அங்கே நிறைய. நிலையத்தில் இன்னொரு பிள்ளையை அமர்த்தி அதன் ‘ம்’ஐ வெட்டாமல் விடுவது செலவில்லாத திருத்தம்.

எந்தச் சமூகம்?

சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்குள் உள்ள பழவேற்காடு இவ்வாதங்களைக் கடினமாகச் சோதிக்கும் இடம். ஏரி நெடுக்கில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில். சமூக வானொலிக்கு இசைவளிக்கப்பட்ட உமிழ்திறன் பொதுவாக 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டருக்குள். தட்டையான நீர்ப்பரப்பின்மேல் அலை தடையின்றிச் செல்லும் எனினும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அந்தச் சிறிய வட்டத்திற்குள்ளேயே டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் ஊர், பட்டினவர் குப்பங்கள், பனையோலை பின்னும் முஸ்லிம் பெண்களின் தெருக்கள், ஆழமற்ற நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடியிருப்புகள், தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடுகள் எல்லாம் அடங்கும்.

இங்கு ‘சமூகம்’ என்ற ஒருமைச்சொல் எளிதில் நிற்பதில்லை. செபாஸ்டியன் மாத்யூ உணவு வேளாண்மை நிறுவனத்திற்காக 1991இல் எழுதிய ஆய்வு பழவேற்காட்டின் மரபுவழி மீன்பிடி உரிமைமுறைகளை விளக்குகிறது. ‘பாடு’ எனப்படும் அம்முறையில் வளம் மிக்க நீர்ப்பகுதிகளில் வலையிடும் உரிமை முறைவைத்து மாறி மாறி வரும். உள்ளிருப்போர்க்கு அது வியக்கத்தக்க நீதி. ஆனால் அந்த முறையில் இடம்பெறுவோர் குறிப்பிட்ட குப்பங்களின் ஆண்கள் மட்டுமே. பெண்களும் இருளரும் பிறரும் வெளியே. ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதலோடு இயங்க வேண்டிய வானொலி இதே எல்லையை ஒலியிலும் வரைந்துவிடக்கூடும். யாரும் திட்டமிட வேண்டியதில்லை, பள்ளி வழியாகவும் பஞ்சாயத்து வழியாகவும் பிள்ளைகளை அழைத்தாலே போதும். பள்ளிக்கு ஒழுங்காக வராத இருளர் பிள்ளையின் பாடல் பட்டியலுக்குள் வராது; ஓலை முடையும் வீட்டுக்குள் சிறுமியர் பாடுவது ஆண் பொறுப்பாளர் காதுக்கு எட்டாது.

சிறார் வழக்காற்றை முதன்மைப்படுத்துவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. விளையாட்டுப் பாடல்கள் பெரியோர் வரைந்த எல்லைகளை எளிதில் கடப்பவை. ஒரே பாடலின் இரண்டு வடிவங்கள், ஒன்றில் தெலுங்குச் சொல்லோடும் மற்றொன்றில் அதன்றியும், இரு தெருக்களில் கிடைக்குமானால் அது பிள்ளைகள் எங்கெங்கு சேர்ந்து ஆடினர் என்பதற்கான சான்று. நிலையம் ‘சரியான’ வடிவத்தைத் தேர்ந்து ஒலிபரப்பும்போது அச்சான்றை அழிக்கிறது. தேர்ந்த வடிவம் வலிமையும் பெறுகிறது. வானொலியில் வந்தபடி பாடு என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் திருத்தத் தொடங்குவர். நா. வானமாமலை போன்றோர் பாட வேறுபாடுகளுக்குத் தந்த மதிப்பை ஒலிபரப்பில் எதிர்பார்ப்பது மிகையாகாது. ஒரே நிகழ்ச்சியில் நான்கு குப்பங்களின் நான்கு வடிவங்களை அடுத்தடுத்து ஒலிக்கச் செய்வது கேட்போர்க்கும் சுவையானது.

மூன்று மாதம்

எல்லாவற்றினும் அவசரமான செய்தி ஒரு சிறிய விதியில் உள்ளது. 2006 நெறிமுறைகள் ஒலிபரப்பிய நிகழ்ச்சியை மூன்று மாதம் பாதுகாத்து வைக்கும்படி நிலையத்தைக் கட்டாயப்படுத்துகின்றன. முறையீடு வந்தால் விசாரிப்பதற்கான காலவரை அது, ஆவணக் கொள்கையன்று. அதற்குமேல் வைத்திருக்க விதி தடையில்லை; ஆனால் பொருள்வளம் குன்றிய நிலையத்திற்குச் சேமிப்புக் கருவியும் பட்டியலிடும் ஆளும் செலவு. விதி கேட்காத செலவைத் தானே மேற்கொள்ளும் நிலையம் அரிது. வழக்காற்றைக் காக்கும் ஊடகம் என்று பாராட்டப்படுவதன் சட்டப்படியான நினைவாற்றல் ஒரு பருவமழைக்காலத்தின் அளவே.

வால்டர் பெஞ்சமின் 1929 முதல் 1932 வரை பெர்லின், பிராங்க்பர்ட் நிலையங்களில் சிறாருக்குப் பல பேச்சுகள் நிகழ்த்தினார். எழுத்துப் படிகள் எஞ்சியதால் இன்று அவை நூலாகக் கிடைக்கின்றன. அவர் குரலின் பதிவு ஒன்றும் எஞ்சவில்லை. எழுதிப் பேசியவருக்கே இந்நிலை என்றால், எழுதாமல் பாடும் பிள்ளைக்குப் பதிவைத் தவிர வேறு படி ஏது?

தமிழ்த்துறைகளும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் செய்யக்கூடியது இங்கு உண்டு. முனைவர் பட்டக் களப்பணிக்காகப் புதிதாகத் தகவலாளரைத் தேடும் ஆய்வாளர் அருகிலுள்ள சமூக வானொலியின் அழியவிருக்கும் கோப்புகளைக் கேட்டுப் பெற்று, குப்பத்தின் பெயர், பாடிய பிள்ளையின் வயது, யாரிடம் கற்றது, எந்த ஆட்டத்தோடு பாடப்படுவது என்னும் விவரங்களுடன் பட்டியலிடலாம். பிள்ளையின் பெயரைப் பொதுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. பெற்றோரின் இசைவு எழுத்தில் வேண்டும். பதிவின் ஒரு படி அதே குப்பத்தில் இருக்க வேண்டும். ‘யாரிடம் கற்றது’ என்ற இடத்தில் டீச்சர் என்று வருமானால் ஒரு வகை. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று வருமானால் வேறு வகை. அந்த ஒரு வரியை எந்த நிலையமும் இன்றே தன் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.